மழலைக்கு எந்த நிகழ்ச்சி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'கல்வி' என்று முகப்பில் போட்டிருந்தாலே நல்ல நிகழ்ச்சி என்று நம்பிவிடுகிறோம். இரண்டு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

இரண்டு வயதுக்குப் பிறகு நிகழ்ச்சியைத் தேர்வு செய்யும்போது, முதலில் பெரியவர் ஒரு பகுதியை முழுதாகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை காட்சி மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை மாறினால் தள்ளிவிடுங்கள். வெட்டி ஒட்டிய காட்சிகளை இணைத்துப் புரிந்துகொள்ளும் திறன் அந்த வயதில் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. குழந்தை கண் கொட்டாமல் பார்ப்பது பெரும்பாலும் அசைவுக்காகத்தான், பாடத்துக்காக அல்ல. பேச்சை அமுக்கும் பின்னணி இசையும் கெடுதல், சொல் தனியாகக் காதில் விழாது. பந்தைக் காட்டும்போதே 'பந்து' என்று சொல்லி, கேள்வி கேட்டபின் நான்கைந்து நொடி பொறுத்திருக்கும் நிகழ்ச்சி நல்லது. நமக்குச் சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

பார்த்து முடித்ததும் நிஜப் பந்தைக் கையில் கொடுங்கள். திரையில் கண்டதை நேரில் பொருத்திப் பார்க்க மழலைகள் திணறுவார்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டு பகுதிகளை மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் காட்டலாம். நடுவில் பிடுங்கினால் அழுகைதான். பகுதி முடியும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்