புது போனில் மெயில் போடும் முன்

அன்பு மகன் செல்வாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். புது போனில் உன் சொந்த மெயில், கம்பெனி மெயில் இரண்டையும் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாய். பேசும்போது சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜிமெயில் சுலபம். முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால், "உள்ளே வருவது நீங்கள்தானா" என்று பெரும்பாலும் பழைய போனில் கேட்கும். ஆம் என்று தட்டு. அதனால் இதை முடித்த பிறகே பழைய போனை விற்க வேண்டும்.

கம்பெனி சொந்த சர்வர் (மெயிலைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர்) வைத்திருந்தால், மெயிலை எடுக்கும் முறை ஐமேப்பா பாப்3-ஆ என்று போன் கேட்கும். ஐமேப்பையே தட்டு. பாப் மெயிலைப் போனுக்கு இறக்கிக்கொண்டு, செட்டிங்கைப் பொறுத்து சர்வரில் அழித்தும் விடும். நம் பிரௌசிங் சென்டருக்கு ஒரு வாத்தியார் வந்தார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, கம்ப்யூட்டரில் திறந்தால் இன்பாக்ஸ் காலி. மகனுடைய வேலை ஆர்டர் அதில்தான் இருந்ததாம். ஐமேப் என்றால் எல்லாம் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கருவியில் திறந்தாலும் கிடைக்கும். ஐமேப்புக்கு போர்ட் (சர்வரின் வாசல் எண் மாதிரி) 993, பாதுகாப்பு வகை எஸ்எஸ்எல் (வழியில் யாரும் படிக்காமல் பூட்டும் முறை). அனுப்புவதற்கான எஸ்எம்டிபிக்கு 465 அல்லது 587. எது என்று ஐடி ஆட்களிடம் கேள். அங்கேயும் யூசர் நேம், பாஸ்வேர்டு போட மறக்காதே. "மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது" என்று கடைக்கு வருகிறவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதைவிட முக்கியம் ரெக்கவரி நம்பர், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் போன் நம்பர். உன் ஜிமெயிலில் இன்னும் ஊர் நம்பர்தானே இருக்கிறது? ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் சிம்மை போன் கம்பெனி நிறுத்திவிடும். கொஞ்ச காலம் கழித்து அதே நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். அப்புறம் உன் ஓடிபி அவருக்குத்தான் போகும். பேங்க், பாஸ்போர்ட், பி.எஃப். எல்லாம் அந்த ஒரு மெயிலில்தானே இருக்கிறது ஐயா. எனக்கு அதை நினைத்தாலே பதறுகிறது. கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், ஊர் நம்பரை எடுத்துவிட்டு, நீ இப்போது வைத்திருக்கும் தோஹா நம்பரைப் போடு. ரெக்கவரி மெயிலாக என் முகவரியைக் கொடு. போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடுகளை எடுத்து ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வை. போனில் படம் பிடித்து வைக்காதே, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும்.

ஆப்பில் இரண்டு கணக்கும் இருக்கும்போது, அனுப்பும் முன் மேலே எந்த முகவரி நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிட்டு, இரண்டு முகவரியிலிருந்தும் எனக்கு ஒரு வரி அனுப்பு. மாமா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை உன் சொந்த மெயிலுக்கே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா