மாத்திரை என்றால் லேசா, மலர்?

அன்புள்ள மலர்,

ஈப்போவில் எல்லாரும் சுகம்தானே? மகன் கல்யாணப் படங்கள் வந்தன. பெண்ணைவிட நீதான் அதிக நகை போட்டிருக்கிறாய், செல்வி பார்த்திருந்தால் உன்னை விட்டிருப்பாளா! இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபிக்காதேடி, இங்கே நிலைமை அப்படி.

இவருக்குக் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தது உனக்குத் தெரியும். இப்போது கீமோ நடக்கிறது. ஊசி இல்லை, கேப்சிட்டபின் என்கிற மாத்திரை. காலையிலும் இரவிலும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 14 நாள் போட்டால் அடுத்த 7 நாள் ஓய்வு, பிறகு மறுபடியும். கேட்கிறவர்கள் எல்லாரும் "மாத்திரைதானே, நல்லதாப் போச்சு" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. உடம்புக்குள் போனதும் அது ஊசியில் ஏற்றுகிற அதே 5-எஃப்யூ என்கிற கீமோ மருந்தாகத்தான் மாறுகிறது. வார்டில் என்றால் கையுறை போட்ட நர்ஸ் பக்கத்தில் இருப்பார், இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அப்பாவின் மருந்து டப்பாவை நான்தான் அடுக்குவேன் என்று ஆசையாக வந்து நின்றாள். பிரஷர் மாத்திரையோடு அதைக் கலக்கவே கூடாது, கர்ப்பிணி கையால் தொடவும் கூடாது என்று பார்மசிஸ்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். பாவம், அவள் முகம் வாடிவிட்டது. பணிப்பெண்ணிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: எடுத்துக் கொடுப்பதானால் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. டாய்லெட்டை மூடியைப் போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்கிறோம், வாந்தி பட்ட துணியைத் தனியாகத் துவைக்கிறோம்.

அப்புறம் இந்த வைட்டமின் தொல்லை. உடம்பு தேறட்டும் என்று என் கொழுந்தனார் முஸ்தபா கடையில் பெரிய பாட்டிலாக வாங்கி வந்தார். லேபிளைப் பார்த்தால் ஃபோலிக் ஆசிட்! மகளுக்கு டாக்டரே எழுதிக் கொடுக்கிற சத்துதான், ஆனால் இந்தக் கீமோவோடு சேர்ந்தால் பக்கவிளைவை மோசமாக்கிவிடும். அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கும் இந்தக் கேப்சிட்டபின் ஆபத்தாம், ரத்தப்போக்கு வந்துவிடலாம். உன் பெரியப்பா அதைத்தானே சாப்பிடுகிறார்? அவருக்கு எந்தப் புது மருந்து வந்தாலும் டாக்டரிடம் சொல்லச் சொல்.

மலர், இதெல்லாம்கூட சமாளித்துவிடலாம். எனக்கு உண்மையான பயம் இவர் குணத்தில்தான். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறார். வயிற்றுப்போக்கையும் மறைக்கிறார் என்று பணிப்பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வந்துவிடும் என்று இவருக்குள் ஒரு பயம். அளவைக் குறைப்பதும் சில நாள் நிறுத்தி வைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்று நான் சொன்னால் ஏறவில்லை. வயிற்றுப்போக்கு ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, ராத்திரியில் எழுந்து போக வேண்டி வந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் 38 டிகிரி வந்தால் நடு ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், பனடால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஒரு வேளை மறந்தால் அது போகட்டும், அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடக் கூடாது. போட்டபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி போடக் கூடாது.

என் பேச்சைக் கேட்காதவர் உன் பேச்சைக் கேட்பார், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நாலு திட்டு திட்டு. எரிச்சல், பேதி, வாய்ப்புண் எது வந்தாலும் அன்றன்றே எனக்குச் சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கிவிடு. அப்படியே உன் அண்ணனிடமும் சொல்லிவிடு, அந்த மூலிகைப் பொடியை அனுப்ப வேண்டாம் என்று.

அன்புடன்,
உன் ராணி