டோட்டலுக்குப் பெரிய 'டி' போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார மாணவர் இணைப்பில் சி என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடம் படித்தேன். 'அன்டிக்ளேர்டு', அதாவது இந்தப் பெயரை முன்பே அறிவிக்கவில்லை, என்று எரர் வந்தால் அது முழுக்க மாணவரின் கவனக்குறைவுதான் என்று அதில் ஒரு வரி. ரொம்ப நன்றி.

உசிலம்பட்டியில் இருபது வருடமாகச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். செக்கானூரணிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, கல்லூரியில் முதல் வருடம், உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தாள். கம்பைல் செய்ததும், அதாவது அடித்ததைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றச் சொன்னதும், அதே அன்டிக்ளேர்டு. தமிழ் வழியில் படித்து வந்தவளுக்கு அந்த ஆங்கில வரியே ஏசுவது போல இருந்திருக்கும். "அக்கா, நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றாள்.

அவள் ஒன்றும் பண்ணவில்லை. மேலே 'இன்ட் டோட்டல்' (டோட்டல் என்பது ஒரு முழு எண்) என்று சின்ன 'டி'யில் டிக்ளேர் செய்திருக்கிறீர்கள். கீழே அதே டோட்டல் வரியின் தொடக்கத்தில் வருகிறது, அங்கே பெரிய 'டி'. ஆங்கில வாக்கியம் என்று நினைத்து யாரோ திருத்திவிட்டார்! சி மொழிக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர் என்பது உங்களுக்குத் தெரியாததா? மேற்கோள் குறிகளையும் வளைத்து அழகுபடுத்தியிருக்கிறீர்கள். சி அதையும் ஏற்காது; நல்லவேளை, கீபோர்டில் வளைந்த குறி இல்லை.

எரர் காட்டும் வரியைப் பாருங்கள் என்ற அறிவுரை வேறு. டிக்ளேர் செய்த வரியில் செமிகோலன் விட்டால் கம்பைலர் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் காட்டும். பிள்ளைகள் சரியாக இருக்கும் வரியையே அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரி லேப் கதை தனி. அங்கே இன்னும் அந்த நீலத்திரை டர்போ சி என்ற பழைய கம்பைலர். அது பழைய 1989 விதிப்படி, மாறிகளை (டோட்டல் போன்ற பெயர்களை) எல்லாம் பிளாக்கின், அதாவது நெளி அடைப்புக்குள் வரும் பகுதியின், தலையிலேயே டிக்ளேர் செய்யச் சொல்லும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்று 1999-லேயே விதி மாறிவிட்டது. என்னிடம் இருக்கும் ஜிசிசி என்ற கம்பைலரில், திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'ஃபார்' வரியின் அடைப்புக்குள் 'இன்ட் ஐ' என்று டிக்ளேர் செய்தால் ஓடுகிறது. அதையே லேபில் டாட் சி என்று சேமித்தால் எரர், டாட் சிபிபி (சி பிளஸ் பிளஸ் மொழிக் கோப்பு) என்று சேமித்தால் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஏன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, மார்க்கை மட்டும் குறைப்பார்கள். இதுவும் கவனக்குறைவுதானா?

இரண்டு வருடம் முன்பும் இதுபோல ஒரு பிழையைச் சுட்டி எழுதினேன். அந்த வாரம் அட்டைப்படத்தைப் புகழ்ந்து வந்த கடிதத்துக்குத்தான் இடம் இருந்தது போலும். ராசிபலனில் ஒரு ராசி இடம் மாறியபோது மட்டும் அடுத்த இதழிலேயே வருந்தினீர்கள்.

சரி, கேட்பது இவ்வளவுதான். 'டோட்டல் என்பதில் பெரிய டி எங்கள் தவறு' என்று ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள். அந்தப் பக்கத்தை அவள் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறாள், மேலே ஒட்டிக்கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் அக்கா,
உசிலம்பட்டி.