மேடையில் மணமக்கள் குரல் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புரோகிதர் இல்லாமல் மணம் முடிக்கத் தீர்மானிக்கும் வீடுகளில் மண்டபம், பந்தி, புகைப்படம் எல்லாம் ஆறு மாதம் முன்பே பேசி முடிந்துவிடுகிறது. மேடையில் நடக்கப்போகும் அரை மணி நேரத்தை மட்டும் ‘தலைவர் வந்து பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறார்கள். தலைவரோ காரில் வரும்போதுதான் மணமக்களின் பெயரையே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சுயமரியாதைத் திருமணம் கட்சிக் கூட்டம் போல இருக்கிறது என்று உறவினர்கள் முணுமுணுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். அண்ணா ஆட்சியில், 1967-இல் இந்து திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம்தான் 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே போதும். தலைமை தாங்க உரிமமோ பதவியோ தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மூன்று சாட்சிகளோடு பதிவு அலுவலர் முன் முடிக்க வேண்டும். மண்டபத் தேதியைக் குறிக்கும்போதே அந்த 30 நாளையும் கணக்கில் வையுங்கள்.

யாரைத் தலைமைக்கு அழைப்பது என்பதில் இவ்வளவு சுதந்திரம் இருந்தும் பதவி பார்த்தே அழைக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, அத்தை, கல்லூரித் தோழர், யாராக இருந்தாலும் சரி. திருத்தமாக வாசிக்கவும் கடிகாரம் பார்க்கவும் தெரிய வேண்டும். மணமக்களோடு இரண்டு முறையாவது உட்கார்ந்து பேச நேரம் இருக்க வேண்டும். முதல் பேச்சு ஆறு வாரம் முன்பு நடக்கட்டும். இருவரையும் தனித்தனியே வைத்து, எது வேண்டாம் என்று முதலில் கேளுங்கள். தாலி உண்டா, காலில் விழுவது உண்டா, சாதிப் பெயர் எங்காவது வருமா? மணமகள் ஒன்று சொல்வார், மணமகனின் தாயார் வேறொன்று நினைத்திருப்பார். அது மேடையில் வெடிப்பதைவிட வீட்டுக் கூடத்தில் வெடிப்பது மேல்.

உறுதிமொழிதான் இந்த விழாவின் உயிர். அச்சடித்துக் கிடைக்கும் படிவத்தை வாசிப்பதில் தவறில்லை. ஆனால் இவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தும் இரண்டு வரியாவது அதில் இருக்கட்டும்: யார் வேலைக்காக யார் ஊர் மாறுவது, இரு பக்கத்துப் பெற்றோரையும் எப்படிப் பார்த்துக்கொள்வது. ஆளுக்கு 60 முதல் 80 சொல் தாராளம். தலைவர் சொல்ல மணமக்கள் திருப்பிச் சொல்வதானால் ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். ‘இன்று முதல் உங்களை / என் வாழ்க்கைத் துணையாக / ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பிரித்துக் கொடுத்தால் குரல் எழும். வாக்கியம் முழுவதையும் சொல்லி நிறுத்தினால் மணமகன் முன்பாதியை விழுங்கிவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் முணுமுணுப்பார். கைபேசியைப் பார்த்து வாசிக்க வேண்டாம். சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது அழைப்பார்கள். தடித்த அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்து, கூடுதலாக ஒரு படி தோழியிடம் கொடுத்துவையுங்கள்.

உடையில் குத்தும் சின்ன மைக் பட்டிலும் நகையிலும் உரசிக் கரகரக்கும். கை மைக் ஒன்றை வேறொருவர் பிடிக்கட்டும், மணமக்களின் வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி.

அடுத்தது மேளம். வழக்கமான கல்யாணத்தில் ஐயர் விரலை உயர்த்தினால் கெட்டிமேளம். இங்கே அந்த விரல் இல்லை. தாலித் தட்டைக் கண்டதும் மேளக்காரர்கள் பழக்கத்தில் முழக்கிவிடுவார்கள், உறுதிமொழி அதில் மூழ்கிவிடும். முதலில் அமைதியில் உறுதிமொழி, பிறகு தலைவர் கை உயர்த்தியதும் மேளம் என்று முதல்நாள் மாலையே நாயனக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். தாலி உண்டென்றால் மாலைக்கு முன்பே கட்டிவிடுவது நல்லது. மாலை விழுந்த பிறகு சரட்டின் நுனி பூவுக்குள் ஒளிந்துகொள்ளும்.

தாலியை எடுத்துக் கொடுப்பது யார் என்பதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுங்கள். கணவரை இழந்த தாய்தான் கொடுக்கப்போகிறார் என்றால் தலைவர் அவரைப் பெயர் சொல்லி மைக்கில் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் நல்லெண்ணத்தோடு ஒரு பெரியம்மா எழுந்து வந்து தட்டை வாங்கிவிடுவார். அந்தத் தாய் தூணோரம் ஒதுங்கிவிடுவார். அவரை முன்னால் நிறுத்தத்தானே இந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம்?

வாழ்த்துரைக்கு அழைப்பிதழில் பத்துப் பெயர் போட்டால், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 50 நிமிடம். முதல் பந்திக்கு இலை போட்டதும் கூட்டம் எழுந்துவிடும். உறுதிமொழிக்கு முன் தலைவர் எட்டு நிமிடம் பேசலாம், பின்னால் இரண்டு பேர் மும்மூன்று நிமிடம். மற்றவர்களை மாலை வரவேற்புக்கு மாற்றிவிடுங்கள். நல்ல நேரம் பார்க்காதவர்களும் மணி பார்க்கத்தான் வேண்டும்.

தலைவர் மேடையில் கொடுக்கும் வாழ்க்கை ஒப்பந்தச் சான்று, அரசுப் பதிவு ஆகாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நேர்மாறாக, விழா எதுவும் நடத்தாமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே மாலை மாற்றும்போது மணமக்களோடு தலைவரும் சாட்சிகளும் தெரியும்படி ஒரு படமாவது எடுத்துவைக்கச் சொல்லுங்கள். படக்காரர்களை விட்டால் மணமக்களின் முகத்தை மட்டும்தான் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
சுயமரியாதைத் திருமணங்களை நடத்திவைப்போர் சிலர்