போகிப் புகையும் பொங்கலன்று மூச்சிரைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போகியன்று விடியற்காலையில் சென்னைத் தெருக்களில் எரியும் டயர், பிளாஸ்டிக் பாய் ஆகியவற்றின் புகையை, கண்ணெரிச்சலோடு முடிந்துவிடும் தொல்லையாகவே பலர் கருதுகிறார்கள். 2018-ஆம் ஆண்டு போகியன்று பனியோடு கலந்த அப்புகையால் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆனால், கண்ணுக்குத் தெரியும் புகையைவிடத் தெரியாத நுண்துகளே அஞ்சத்தக்கது. 2.5 மைக்ரானுக்கு மேற்படாத விட்டமுள்ள இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, ஆஸ்துமாவைத் தூண்டுவதோடு, இதய நோயாளிகளுக்குச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ மாரடைப்பு நேரும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. எழுபது வயதைக் கடந்த என் தாயார், வாசலில் பொங்கல் பானை பொங்கும் வேளையில், ஜன்னல் அடைத்த அறைக்குள் இன்ஹேலரும் கையுமாக அமர்ந்திருக்கிறார். (துணியால் மூக்கை மூடினால் போதும் என்று அண்டை வீட்டார் சொல்வதை இத்துகள்கள் பொருட்படுத்துவதில்லை.)

24 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் இந்நுண்துகள் 60 மைக்ரோகிராம் வரை இருக்க நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவோ 15. அந்தச் சராசரியும் விடியற்காலை உச்சத்தை மறைத்துவிடுவதால், போகி, தீபாவளி நாட்களில் மணிவாரி அளவீட்டைத் தங்கள் நாளிதழ் பகுதி வாரியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.