அந்தச் சீட்டில் ஒரு தேதியும் எழுதுங்கள், டாக்டர்

சோர்வு என்று வருகிறவர்களுக்கு அமினோ அமிலம் எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை என் சித்தி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். 23 வயது. எட்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்தது. காய்ச்சல் போய்விட்டது, தெம்பு மட்டும் திரும்பவில்லை. பாதி நாள் படுக்கைதான். வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அக்கா, டாக்டர் இது எழுதிக் கொடுத்திருக்கார். தினமும் ரெண்டு வேளை குடிச்சா சரியாயிடுமாம்" என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்த அதே வகை அமினோ அமிலத் தூள், அதாவது புரதத்தின் சிறு கூறுகள். டப்பாவின் மூடிகூட அதே மஞ்சள்.

அன்றைக்கு எழுதத் தொடங்கிய மடல் இது. படுத்தபடியே, ஒரு நாளைக்குப் பத்து வரிக்குமேல் எழுத முடியவில்லை. அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாள்பட்ட சோர்வு நோய்க்கு அமினோ அமிலம் எழுதும்போது, "இது ஒரு முயற்சி, பலன் நிச்சயமில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதைப் பார்த்துப் பலனை முடிவு செய்வது, எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள்.

நான் தமிழாசிரியை. 2021 மே மாதம் கொரோனா வந்தது. அதற்குப் பிறகு முழு நேரம் பள்ளிக்குப் போகவில்லை. எம்.இ./சி.எஃப்.எஸ்., அதாவது நாள்பட்ட சோர்வு நோய் என்ற பெயரை ஒரு மருத்துவர் சொன்னதே மூன்றாவது வருஷம்தான். அதுவரை ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி என்று பார்த்துப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தலைக்குக் குளித்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது என்று நான் சொன்னதுதான் பெரிய தடயம். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பெயர் தெரிவதற்கு முன்பு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கிளினிக், முதல் மாடி, பதினெட்டுப் படி. "அமினோ பாட்டில் பத்து ஏத்துவோம்மா, சத்தில்லாமத்தான் இப்படி இருக்கு" என்றார் அங்கிருந்த மருத்துவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டோ, அந்தப் பதினெட்டுப் படி, பெஞ்சில் ஒரு மணி நேரம், அப்புறம் கட்டில். லேசான மஞ்சள் நிறத்தில் பாட்டில் தொங்கும். சிஸ்டர் சொட்டைக் கணக்குப் பார்த்துத் திருகிவிட்டுப் போவார். நான் கண்ணை மூடிவிடுவேன். "பாரு, ஏத்தினதும் எவ்வளவு நல்லா தூங்குறா" என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். எனக்குத் தூக்கமில்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்தால் மறுநாள் காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும். அது தெளிவதற்குள் அடுத்த பாட்டிலுக்கான நாள் வந்துவிடும். நாலாவது பாட்டிலின்போது அதைச் சொன்னேன். "சத்து ஏறும்போது அப்படித்தான் அலுப்பா இருக்கும்" என்று பதில் வந்தது. ஏழாவது பாட்டிலுக்குப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கீழே இறக்கிக் கூட்டிவந்தார்கள். பாட்டிலில் இருந்த மருந்து என்ன செய்ததோ, அந்தப் படிகள் என்னைக் கீழே தள்ளிவிட்டன. உழைப்புக்குப் பிறகு வரும் சரிவுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம்.

அடுத்த கட்டம் தூள். தண்ணீரில் போட்டால் பாதி கரையாமல் மேலேயே வெள்ளையாக மிதக்கும். ஆரஞ்சு வாசனை, வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. கூடவே "தினம் முக்கால் மணி நேரம் நடங்க" என்றும் எழுதியிருந்தார். நடந்தேன். மூன்றாவது நாள் படுத்தவள் பதினைந்து நாள் கழித்துத்தான் எழுந்தேன். பிரிட்டனில் 2007இல், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குப் பரிந்துரைத்த அரசு மருத்துவ வழிகாட்டி அமைப்பே 2021 அக்டோபரில் அதைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றி எழுதிவிட்டது. நான் நடந்தது அதற்கும் பின்னால். அந்தத் தூளை ஆறு மாதம் குடித்தேன். எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. கையிலிருந்த பணம் தீர்ந்தபோதுதான் நின்றது.

அமினோ அமிலத்தின்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அதில் ஆராய வேண்டிய விஷயம் இருக்கிறது. 2016இல் நார்வேயில் இந்த நோயுள்ள 200 பேரின் ரத்தத்தை, நோயில்லாத 102 பேரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில அமினோ அமிலங்கள் நோயாளிகளுக்குக் குறைவாக இருந்தன, முக்கியமாகப் பெண்களுக்கு. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் வழியில் எங்கேயோ அடைப்பு, அதை ஈடுகட்ட உடம்பு அமினோ அமிலங்களை எரிக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். சரி. ஆனால் அடுப்பு கோளாறாக இருக்கும்போது விறகை மட்டும் கூட்டிப் போட்டால் எரியுமா என்பது தனிக் கேள்வி. அந்த ஆய்வு யாருக்கும் தூள் கொடுத்துப் பார்க்கவில்லை.

கொடுத்துப் பார்த்தது ஆக்ஸ்ஃபோர்டில், 2023இல் வெளிவந்த ஒரு ஆய்வு. கொரோனாவுக்குப் பிறகு நீண்ட நாள் சோர்வில் இருந்த 41 பேர், நான்கு வாரம். ஐந்து அமினோ அமிலங்களும், என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற அமினோ அமில வகை மருந்தும் சேர்ந்த கலவை, நாளுக்கு 67.8 கிராம். சோர்வு கொஞ்சம் குறைந்ததாக மருந்து எடுத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் தசை எவ்வளவு சீக்கிரம் சக்தியை மீட்கிறது என்று அளப்பதுதான் அந்த ஆய்வின் முதன்மை நோக்கம். அதில் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதுதான் இன்றைய நிலைமை. நம்பிக்கைக்கு இடமிருக்கிறது, நிரூபணம் வரவில்லை. என் டப்பாவில் இருந்த கரண்டி ஏழு கிராம். கலவையும் வேறு. இதை நோயாளியிடம் சொல்ல இரண்டு நிமிஷம் போதுமே!

"சாப்பாட்டில் இருப்பதுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்" என்கிறார்கள். அமெரிக்காவில் 1989இல் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமில மாத்திரை சாப்பிட்டவர்களில் 1,500க்கும் மேற்பட்டோர் கடுமையான தசைவலியோடு நோயில் விழுந்தார்கள். 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலான பாதிப்பு ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பில் போய் நின்றது. நம் வீட்டு டப்பாவின் பக்கவாட்டில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. சித்தி மகளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "அப்ப டாக்டர் ஏன்க்கா எழுதினார்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

சோர்வு என்று ஒரு பெண் வந்தால் அவள் சொல்வதைக் கடைசி வரை கேட்கிறவர்கள் எத்தனை பேர்? கல்யாணமாகாதவள் என்றால் கல்யாணம் ஆனால் சரியாகும். ஆனவள் என்றால் வீட்டில் ஏதாவது பிரச்சினையா. ஐம்பது வயது என்றால் அந்த வயசுக் கோளாறு. ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தால் அவளும் சமாதானமாகிவிடுவாள், வீட்டாரும் வாயை மூடிக்கொள்வார்கள். குணமாகாவிட்டால் பழி அவள் மேல். ஒழுங்காகக் குடிக்கவில்லை, நடக்கவில்லை, மனசு வைக்கவில்லை. பள்ளியில் என் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்து ஒருவர் கேட்டார்: "சத்து மருந்துதானே சாப்பிடறீங்க, இதுக்கு எதுக்கு மெடிக்கல் லீவ்?" நோயின் பெயர் இல்லாத சீட்டு என்னை அந்த நிலையில் நிறுத்தியது.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் மன்னியுங்கள். வாசலில் அறுபது பேர் காத்திருக்க, ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று ஓடுகிற உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். எனக்கு நோயின் பெயரைச் சொல்லி, "இதற்கு மருந்து இல்லை, ஆனால் இருக்கிற சக்தியைப் பங்கு போட்டு வாழக் கற்றுத்தர முடியும்" என்றவரும் உங்களில் ஒருவர்தான். அன்று நான் அழுதேன். வருத்தத்தில் வந்த அழுகையில்லை அது. அவர் என்னை ஒளிவுமறைவின்றி நடத்தினார்.

அதனால் மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். அமினோ அமிலம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், சிறுநீரகத்தையும் மற்ற மருந்துகளையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முயற்சி என்று சொல்லிக் கொடுங்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ, நிறுத்தும் தேதியை எழுதுங்கள். அதுவரை தினமும் எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார முடிந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். தேதி வந்ததும் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள்.

சித்தி மகளுக்கு வரும் திங்கட்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். பழைய சீட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். தேதி எழுதாத சீட்டோடு அவளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளி, ஒரு நோயாளியின் அக்கா