கல்லறைத் தோட்டத் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு,

சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பே தோட்ட வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது.

கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்ற கிராமத்தைத் தொடங்கினார். தேரி என்னும் செம்மணல் மேட்டோரக் குடியிருப்புகள் பலவும் அதற்குப் பின் எழுந்தவை, நம்முடையதும்தான். 1811 வாக்கில் திருநெல்வேலிச் சீமையில் பரவிய காய்ச்சல், பின்னர் காலரா, 1876-78 பஞ்சம் என்று சாவுக்குக் குறைவில்லாத காலம் அது. கல் நாட்ட வசதியிருந்தவர்கள் சிலரே. மேடு தெரியாத இடத்திலும் ஆள் கிடப்பதாகவே எண்ணி நடக்கவும்.

பழைய காரைக் கல்லறைகள்தான் வேலை வாங்கின. இடையில் யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்ட், ஈரத்தை வெளியே விடவில்லை. ஈரத்தோடு ஏறிய உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதைப் பொடியாக்கிவிட்டது. தட்டினால் பொக்கென்று கேட்ட இடத்தை மட்டும் பெயர்த்தோம். கெட்டியாகப் பிடித்திருந்ததைத் தொடவில்லை. தொட்டால் செங்கல்லின் முகமும் கூடவே வந்துவிடும்.

நீற்றிய சுண்ணாம்பை 3 வாரம் தொட்டியில் ஊறவிட்டு, 1 பங்குக்கு 3 பங்கு ஆற்றுமணல், கடுக்காய் ஊறல், கருப்பட்டிக் கரைசல் சேர்த்து அரைத்தோம். தேரி மணல் காலடியில் கிடக்கிறதே என்று கேட்டீர்கள். அது உருண்ட பொடிமணல், சாந்தில் பிடிமானம் இராது. முதல் கல்லறையில் ஒரே கையாகக் கனமாக அப்பியதால் வெடித்தது. பிறகு மெல்லிசாக இரண்டு கை பூசி, 10 நாள் ஈரச்சாக்கு போட்டோம்.

எழுத்துக் கற்களுக்குத் தண்ணீரும் நைலான் பிரஷும் மட்டுமே. மங்கிய எழுத்தை, மாலை வெயிலைக் கண்ணாடியால் பக்கவாட்டில் விழச்செய்து படித்தோம். பழைய கற்களில் மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடும் கிடையாது. ஆண்டு கொல்லம் (மலையாள ஆண்டு) கணக்கில் இருந்தால், கி.பி. ஆண்டு கிடைக்க ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டவேண்டும்: கொல்லம் 1020 ஐப்பசி என்றால் 1844, மாசி என்றால் 1845. இது தெரியாமல் பெயிண்ட் அடித்தால் பிழை நிலைத்துவிடும். ஆகவே எழுத்துக்கு யாரும் பெயிண்ட் தொடவேண்டாம்.

உடைமுள் மரங்களைக் கல்லறையோரம் வேரோடு இழுக்கவில்லை, கட்டுமானம் பெயர்ந்துவிடும். தரைக்குக் கீழே தோண்டி அறுத்திருக்கிறோம். துளிர்த்தால் உடனே கிள்ளவும். மேற்கு ஓலைவேலியை ஆனிக் காற்றுக்கு முன் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டவேண்டும். ஓர் ஆடி தவறினாலே மணல் கற்களை மூடிவிடும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்